துருப்பிடித்த இம்ப்ரெஸா எஸ்டிஐ-யைக் கழற்றி விற்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது 2004-ஆம் வருடத்து சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. ஜப்பானில் ஓடி, பிறகு பிரிட்டனுக்கு இறக்குமதியான கார். பின்பக்க ஸ்ட்ரட் டவரிலும் (சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் பொருந்தும் இடம்) வீல் ஆர்ச்சிலும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) துரு ஏறி, எம்ஓடி என்ற கட்டாய வருடாந்திரப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. வெல்டிங்குக்கு கேரேஜ் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன. வீட்டு டிரைவ்வேயிலேயே கழற்றி, பார்ட்ஸை ஒவ்வொன்றாக விற்றால் எவ்வளவு தேறும் என்று கேட்கிறீர்கள். கேட்டது தொகையைத்தான். ஆனால் காரைக் கழற்றத்தான் வேண்டுமா, கழற்றினால் எதை முதலில் தொடுவது, கடைசியில் மிஞ்சும் வெறும் பாடியை என்ன செய்வது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் அந்தத் தொகையைக் கணக்குப் போட முடியாது.

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் பல வருடங்களாக சுபாரு கார்களில்தான் வேலை செய்கிறேன். பழைய பார்ட்ஸை வாங்கிப் பொருத்தியும் இருக்கிறேன், கழற்றி விற்றும் இருக்கிறேன். இயந்திர விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். சட்டம், வரி பற்றிச் சொல்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள நடைமுறை. நான் வழக்கறிஞரோ கணக்காளரோ இல்லை.

முதலில், கழற்றத்தான் வேண்டுமா? இந்த வயது இம்ப்ரெஸாவில் பின் ஸ்ட்ரட் டவர் துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அந்த வேலையை அடிக்கடி செய்யாத கேரேஜ், உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் தொகை சொல்லும். பழைய ஜப்பானியக் கார்களின் துருவை மட்டுமே எடுத்துச் செய்யும் பட்டறை ஒன்றில் இன்னொரு மதிப்பீடு வாங்குங்கள். காரை அங்கே ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு வீண் இல்லை. ஜிடிபி என்று அழைக்கப்படும் இந்தத் தலைமுறை எஸ்டிஐ-யின் உற்பத்தி 2007-ஓடு நின்றுவிட்டது. கழற்றப்படும் ஒவ்வொன்றும் திரும்பி வராது. ஓடுகிற நிலையில் உள்ள ஜப்பானிய எஸ்டிஐ-யை எம்ஓடி இல்லாமலே வாங்கி, தானே வெல்டிங் செய்துகொள்ளும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். முழுக் காராகவே ஒரு வாரம் விளம்பரம் போட்டுப் பாருங்கள். வரும் உண்மையான தொகை எதுவோ, அதைத்தான் பார்ட்ஸ் கணக்கு தாண்ட வேண்டும்.

பார்ட்ஸ் கணக்கை இப்படிப் போடுங்கள். பெரிய உருப்படிகள் ஏழெட்டுதான்: கியர்பாக்ஸ் தொகுப்பு, என்ஜின், டர்போ, பிரெம்போ நிறுவனத்து பிரேக், சக்கரங்கள், சீட்டுகள், முகப்பு விளக்குகள், பானெட்டும் விங்குகளும் (முன்சக்கரங்களின் மேலுள்ள தகடுகள்). ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதில் கடந்த சில மாதங்களில் கைமாறிய விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். அந்த விலையில் மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் ஏராளம். கூட்டுத்தொகையிலிருந்து கூரியர், பாலட், என்ஜின் கிரேன் வாடகை, பேக்கிங், விற்பனைத் தளத்துக்குக் கட்டணம் இருந்தால் அது, எல்லாவற்றையும் கழியுங்கள். கதவு, கண்ணாடி, பிளாஸ்டிக் மூடி போன்ற சில்லறைகளுக்கு ஒன்றும் போடாதீர்கள். வந்தால் லாபம், வராவிட்டால் கழிவு. இப்படிப் பார்த்தும் முழுக் காருக்கு வந்த தொகையைவிடத் தெளிவாகக் கூடுதலாக வந்தால் மட்டும் ஸ்பேனரை எடுங்கள். கொஞ்சம்தான் கூடுதல் என்றால் வேண்டாம். டிரைவ்வேயில் மாதக்கணக்கில் நிற்கும் பாதிக் காரும், இரவு பத்து மணிக்கு வரும் பேரமும் அந்தக் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: அந்தக் கார் முழுதாக, ஓடுகிற நிலையில் இருக்கும் இந்த நாட்கள்தான் பார்ட்ஸ் நல்லவை என்று நிரூபிக்க உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. தரையில் கிடக்கும் என்ஜினைப் பார்த்து அது நல்ல என்ஜின் என்று யாராலும் சொல்ல முடியாது. "ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து எடுத்தது" என்று எல்லா விளம்பரத்திலும்தான் எழுதியிருக்கிறது. அதை நிரூபிக்கிறவருக்குத்தான் நல்ல விலை வருகிறது. அதனால் முதல் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஒரு முழு நாளை ஆவணப்படுத்த ஒதுக்குங்கள். இரவு முழுக்க நின்று ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்வதை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சேசிஸ் எண்ணில் தொடங்கி, ஓடோமீட்டரைக் காட்டி, சாவியைத் திருப்பி, சூடாகும் வரை சத்தம் கேட்கும்படி பதிவாக வேண்டும். எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைவது தெரிய வேண்டும். அப்புறம் ஒரு மொபைல் மெக்கானிக்கை வரவழைத்து கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளப்பது), முடிந்தால் லீக்டவுன் டெஸ்ட் (அழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்து, தேதியிட்ட தாளில் எழுதி வாங்குங்கள். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு பக்கவாட்டிலும் சேசிஸ் சட்டத்தை ஒட்டி இருக்கும். பழக்கம் இல்லாமல் கழற்றி இழையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதைத்தான் விஷயம் தெரிந்தவர் பார்ப்பார். ஆயிலை வடித்தபின் ஃபில்டரை வெட்டித் திறந்து உள்தாளை விரித்துப் படம் எடுங்கள். அதில் உலோக மினுமினுப்பு இல்லை என்பது, பிஸ்டன் தண்டுக்கும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் நடுவிலுள்ள பெரிய பேரிங் தேய்ந்து உலோகத்தூள் சுற்றவில்லை என்பதற்கு நல்ல சான்று. உங்கள் காரில் உள்ள இஜே வகை என்ஜினை வாங்குகிறவர்களின் முதல் பயமே அந்த பேரிங்தான்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். எம்ஓடி தோற்ற காரைப் பொதுச்சாலையில் ஓட்டிக் காட்ட முடியாது. அதனால் கியர்பாக்ஸில் சிங்க்ரோ (கியர் சத்தமின்றி விழ உதவும் வளையம்) தேய்மானம் இல்லை, டிஃப்பில் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல்) முனகல் இல்லை என்பதை இப்போது புதிதாக நிரூபிக்க வழியில்லை. முன்பு எடுத்த டேஷ்கேம் பதிவு ஏதாவது இருந்தால் தேடுங்கள். நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கிவைத்து கியர் போட்டுக் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த பாடியை அப்படித் தூக்கி ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கும்போது காந்த பிளக்கில் ஒட்டியிருப்பதைத் துடைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பு. துண்டுகள் இருந்தால் விலையைக் குறைத்து, இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள்.

அடுத்தது அடையாளம். என்ஜின் அறையில் உள்ள தட்டில் ஜிடிபி என்பதற்குப் பின்னால் இன்னொரு எழுத்து இருக்கும். சி, டி, இ என்று போகும் அந்த எழுத்து எந்தப் பதிப்பு என்பதைச் சொல்கிறது. வாங்குபவர்கள் வருடத்தைவிட அந்த எழுத்தைத்தான் நம்புவார்கள், ஏனென்றால் 2004-க்குள்ளேயே பதிப்பு மாறியது. சி, டி பதிப்புகளில் சக்கர போல்ட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து, இ பதிப்பிலிருந்து 114.3 மி.மீ. வட்டம். இதைத் தவறாக எழுதினால் ஹப், சக்கரம், டிஸ்க் எல்லாம் திரும்பி வரும். அதேபோல ஜப்பானியச் சந்தைக்கான இந்தப் பதிப்புகளில் டர்போ இரட்டைச் சுருள் வகை, அதாவது எக்ஸாஸ்ட் வாயு இரண்டு தனிப் பாதைகளில் உள்ளே வருவது. பிரிட்டனில் புதிதாக விற்ற எஸ்டிஐ-யில் ஒற்றைச் சுருள். ஒன்றின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மற்றதன் டர்போவில் உட்காராது. அதனால் உங்கள் டர்போவை மேனிஃபோல்ட், அப்-பைப், டவுன்பைப் (டர்போவுக்குள் போகும், வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) ஆகியவற்றோடு ஒரே தொகுப்பாக விற்றால்தான் உள்ளூர்க் காரில் போட நினைப்பவருக்குப் பயன். தனித்தனியாகப் பிரித்தால் டர்போ போய்விடும், மேனிஃபோல்ட் உங்களிடமே தங்கிவிடும்.

கியர்பாக்ஸ் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். இந்தக் காரில் அதிகம் பேர் தேடுவது ஆறு வேக கியர்பாக்ஸைத்தான். சாதாரண டபிள்யூஆர்எக்ஸ்-இன் ஐந்து வேகப் பெட்டி அதிக சக்தியைத் தாங்காமல் பல் உடைவது பழைய கதை, அதற்கு மாற்றாக இதைத்தான் போடுவார்கள். ஆனால் பெட்டி மட்டும் போதாது. சுபாருவில் முன் அச்சின் இறுதி விகிதம் கியர்பாக்ஸுக்குள்ளேயும், பின் அச்சின் விகிதம் பின் டிஃபிலும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் உள்ள சென்டர் டிஃப் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிப்பது) ஓயாமல் இழுபட்டு அழியும். எஸ்டிஐ-யின் பின் டிஃப் ஆர்180 என்ற பெரிய வகை. அதற்கான டிரைவ்ஷாஃப்ட்டும் பின் ஹப்பும் டபிள்யூஆர்எக்ஸ்-இல் உள்ளவை இல்லை. ஆகவே கியர்பாக்ஸ், பின் டிஃப், புரொப்ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் டிஃப்புக்குப் போகும் தண்டு), பின் டிரைவ்ஷாஃப்ட் இரண்டு, பின் ஹப் இரண்டு, கியர் லிங்கேஜ், கிளட்ச், ஃப்ளைவீல், கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர், எல்லாம் ஒரே தொகுப்பு. கை பிரேக் பக்கத்தில் சென்டர் டிஃபை இறுக்கித் தளர்த்தும் சிறு சக்கர ஸ்விட்ச் இருந்தால் உங்களுடையது டிசிசிடி (ஓட்டுநரே கட்டுப்படுத்தும் சென்டர் டிஃப்) உள்ள பெட்டி. அப்போது அந்த ஸ்விட்ச், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், அவற்றின் வயரிங் எல்லாம் இதே தொகுப்பில் சேரும். யாராவது "பெட்டியை மட்டும் கொடு, உடனே வருகிறேன்" என்று ஆசை காட்டுவார். முதல் இரண்டு வாரமாவது மறுத்துவிடுங்கள். தொகுப்பைக் கலைத்தால் மிச்சத்தின் மதிப்பு பாதிக்கு மேல் போய்விடும் என்பது என் அனுபவம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டியில் கிளட்ச் இழுத்து விடுவிக்கும் வகை. என்ஜினையும் பெட்டியையும் நேராகப் பிரித்தால் பிரியாது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிளட்ச் ஃபோர்க்கின் அச்சில் 6 மி.மீ. போல்ட் ஒன்றைத் திருகி, அதைப் பிடித்து அச்சை வெளியே இழுக்க வேண்டும். அது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி, பெட்டியின் அலுமினிய விளிம்பை உடைத்தவர்கள் உண்டு. விளிம்பு உடைந்த பெட்டியை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.

என்ஜினை முழுதாக, வயரிங் மேலேயே இருக்கும்படி இறக்குங்கள். லூமை (வயரிங் கட்டு) எங்கேயும் வெட்டாதீர்கள். வேறு காரில் இந்த என்ஜினைப் போடுகிறவருக்கு வெட்டாத லூமும் அதற்கான இசியு-வும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இசியு, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), சாவி, சாவித் துவாரம், எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஜோடிகள்; பிரித்து விற்காதீர்கள். இசியு-வுக்குள் இருக்கும் ஜப்பானிய மேப் (எரிபொருள், ஸ்பார்க் அமைப்பு) அங்குள்ள 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியது என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். இங்கே ரீமேப் செய்யாமல் குறைந்த ஆக்டேனில் வேகமாக ஓட்டி பிஸ்டனை உடைத்துக்கொண்டு, குற்றம் உங்கள் மேல் வரக்கூடாது.

பிரெம்போ காலிப்பர்களைத் தேய்த்து பெயின்ட் அடித்து அழகுபடுத்த வேண்டாம். மங்கிய தங்க நிறத்தோடும் ரப்பர் உறைகளோடும் இருப்பதைப் பார்க்கத்தான் வாங்குபவர் விரும்புவார். புது பெயின்ட் எதையாவது மறைக்கிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். இடது வலது குறித்துவையுங்கள், மாற்றிப் பொருத்தினால் காற்று வடிக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும். பிஸ்டன் சிக்கியிருந்தால் "சீல் மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுகள் 20 வருடம் பழையவை. அவற்றை நல்ல நிலை என்று எழுத என் மனம் ஒப்பாது; ரீபில்ட் செய்வதற்கான அடிப்படை என்றே விற்பேன். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், இந்த மூன்றிலும் ஒரு மிகைச்சொல் கூட வேண்டாம். நெடுஞ்சாலையில் அதை நம்பிப் போகிறவர் நமக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர்.

ஏர்பேக்கையும் சீட்பெல்ட் இழுப்பானையும் விற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை வெடிமருந்து உள்ள பொருட்கள். சாதாரணக் கூரியர் எடுக்காது, எடுக்கக்கூடாது. தகாட்டா ஏர்பேக் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமோனியம் நைட்ரேட் எரிபொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் காலப்போக்கில் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசி ஆட்களைக் கொன்றது. சுபாருவும் அந்தத் திரும்பப்பெறுதலில் இருந்தது. இறக்குமதிக் கார் என்பதால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சுபாருவிடமே கேளுங்கள். கேட்டு எந்தப் பதில் வந்தாலும், 20 வருட ஏர்பேக் வேறொருவர் முகத்துக்கு முன்னால் போய் உட்காரக் கூடாது. கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டித்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது சட்டவிரோதம். தகுதி பெற்றவரிடம் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்கி பின்சீட்டுக்கு அடியில் புரொப்ஷாஃப்ட்டின் மேல் இரண்டு பக்கமும் தொங்கும் வடிவம், அதனால் ஒரு பக்கம் வடித்தால் மறுபக்கம் மிஞ்சும். இப்போதே பெட்ரோல் நிரப்புவதை நிறுத்துங்கள். பழைய என்ஜின் ஆயிலைப் பல கவுன்சில் மறுசுழற்சி நிலையங்கள் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் பிரேக் ஆயிலையோ பெட்ரோலையோ கலந்துவிடாதீர்கள்.

கழற்றும் வரிசையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெறும் பாடி உருளும் நிலையில் இருந்தால்தான் ட்ரக்கில் இழுத்து ஏற்ற முடியும். ஆனால் பின் ஹப்பும் சக்கரமும் விலைபோகும் பொருட்கள். உங்கள் கார் சி அல்லது டி பதிப்பு என்றால் சாதாரண டபிள்யூஆர்எக்ஸ்-இன் மலிவான சக்கரங்களே பொருந்தும். பிரெம்போவைக் கழற்றியபின் சின்ன சக்கரமும் உட்காரும். அப்படி ஒரு செட்டை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பின் ஹப்புக்கு மாற்றாகக் கழிந்த டபிள்யூஆர்எக்ஸ் ஹப் ஒரு ஜோடி வாங்கிப் பொருத்தலாம், அல்லது பாடி போகும் நாளன்று கடைசியாகக் கழற்றலாம். மற்றபடி உள்ளிருந்து தொடங்குங்கள்: சீட்டுகள், கதவு உறைகள், டேஷ்போர்டு. மழையில் நனையாமல் வீட்டுக்குள் வைக்க வேண்டியவை அவைதான், சீக்கிரம் விற்பவையும் அவைதான். ஜப்பானிய மீட்டர் கிலோமீட்டரில் இருப்பதால் இங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் போகும்.

ஒவ்வொரு பொருளிலும் கண்ணில் படாத இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுங்கள். தன்னிடமிருந்த உடைந்த பொருளை "நீங்கள் அனுப்பியது" என்று திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆயில் முழுதும் வடித்து, துளைகளை அடைத்து அனுப்புங்கள். ஒழுகினால் கூரியர் நடுவழியில் நிறுத்திவிடும். நேரில் எடுக்க வருகிறவரிடம் வங்கிப் பணம் உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் போனில் பார்த்தபின் பொருளைக் கொடுங்கள். அவர் போனில் காட்டும் திரை சான்று ஆகாது.

இனி பாடியும் தாள்களும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை சில. கழற்றும் காலத்தில் கார் பொதுச்சாலையில் இல்லை என்று டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவுத் துறைக்குத் தெரிவித்து எஸ்ஓஆர்என் அறிவிப்புப் போட வேண்டும். முடிவில் பாடி, அங்கீகாரம் பெற்ற கழிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் முழுதாக அழித்தால் ஏழு நாளுக்குள் அழிப்புச் சான்றிதழ் தருவார்கள். என்ஜின், கியர்பாக்ஸ் போன்றவை இல்லாத பாடிக்கு அவர்கள் கட்டணம் கேட்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் மஞ்சள் பகுதியை நீங்கள் வைத்துக்கொண்டு டிவிஎல்ஏ-வுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். பிடித்த நம்பர் பிளேட் இருந்தால் அதற்கு முன்பே 80 பவுண்டு கட்டி எடுத்துவையுங்கள். பாடிக்கு ரொக்கமாகப் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள். பழைய இரும்பு வியாபாரி ரொக்கம் கொடுப்பது 2013 சட்டப்படி குற்றம்.

"வி5-யோடு பாடி வேண்டும், துரு பரவாயில்லை" என்று கேட்டு நல்ல தொகை சொல்லும் அழைப்பும் வரலாம். சில சமயம் உண்மையிலேயே மீட்டெடுக்க நினைப்பவராக இருப்பார். பல சமயம் திருட்டுக் காருக்கு உங்கள் சேசிஸ் எண்ணை ஒட்ட நினைப்பவர். இருவரையும் போனில் பிரித்தறிய எனக்கு வழி தெரியாது, அதனால் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. சேசிஸ் தட்டைத் தனியாக விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். பார்ட்ஸ் திருட்டுப் பொருள் இல்லை என்று காட்ட வி5சி படம் கேட்பார்கள். பெயர், முகவரி, அதிலுள்ள 11 இலக்க எண், மூன்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சொந்தக் காரை ஒருமுறை கழற்றுவது வேறு, அடுத்ததையும் வாங்கிக் கழற்றுவது வேறு. இரண்டாவது, வியாபாரம். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி, 14 நாள் திருப்பித்தரும் உரிமை, நுகர்வோர் சட்டம் எல்லாம் வந்து சேரும். தனிநபராக விற்கும்போதும் நீங்கள் எழுதிய விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும் என்ற கடமை உண்டு. வருடத்தில் 30 பொருளோ அதற்கு மேலோ, அல்லது சுமார் 1,700 பவுண்டுக்கு மேலோ விற்றால் விற்பனைத் தளம் வரித்துறைக்குத் தகவல் கொடுக்கும், நீங்கள் நிச்சயம் அந்த எல்லையைத் தாண்டுவீர்கள். தகவல் போனதாலேயே வரி வந்துவிடாது. உங்கள் பழைய காரைப் பிரித்து விற்பது வியாபார வருமானம் ஆகாது என்பது என் புரிதல், ஆனாலும் வாங்கிய விலையின் தாளையும் விற்ற கணக்கையும் எடுத்துவையுங்கள். அவர்கள் கடிதம் அனுப்பினால் அதைக் காட்டிப் பேசலாம்.

அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு முடிவுத் தேதியையும் சொல்லிவிடுங்கள். வீடு வாடகைக்கு என்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தத் தேதி வந்ததும் மிஞ்சிய சில்லறையை மொத்தமாக ஒரு பார்ட்ஸ் வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் பாடியை அனுப்பிவிடலாம்.

தொகை சொல்லாமலே இவ்வளவு எழுதியதற்குக் காரணம், என்ஜின் அறைத் தட்டில் ஜிடிபி-க்குப் பின் என்ன எழுத்து இருக்கிறது, கை பிரேக் பக்கத்தில் அந்தச் சிறு சக்கரம் இருக்கிறதா, சீட்டும் சக்கரமும் ஒரிஜினலா என்பதை நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் சொல்லும் எந்தத் தொகையும் ஊகம்தான். தட்டின் படத்தை, கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். கூடவே வெல்டிங் வேண்டிய இடத்தின் படமும் போடுங்கள். துரு எவ்வளவு ஆழம் என்பதைப் பார்த்துவிட்டு, இன்னொரு மதிப்பீடு வாங்குவது வீண் அலைச்சலா இல்லையா என்பதையாவது என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும்.